கால் மில்லிமீட்டர்

கல்லடியில் பைபர் வள்ளம் ஒட்டுகிற என் கொட்டிலுக்குள்
சைக்கிளின் எலும்பை மட்டும் தோளில் கொழுவிக்கொண்டு வந்தாள்
றுஷ்தா.
சில்லில்லை, செயினில்லை, சீற்றில்லை.
"சத்தம் போடுது."
"எப்ப?"
"எழும்பி நிண்டு மிதிச்சா. மேட்டுல."
மட்டக்களப்பில் மேடு ஏது என்றேன்.
பாலம் என்றாள்.

காபன் குழாய்கள். மூலைக்கு மூலை அலுமினிய லக்.
லக்கின் வாய்க்குள் குழாயைச் செருகி
பசையை மட்டும் நம்பியிருக்கிறார்கள்.
ஆணியில்லை, வெல்டிங்கில்லை.
ரெண்டு ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே போனேன்.
டிக் டிக் டிக்கென்று கறாராகப் பேசிவந்தது
பெடல் மூட்டடியில்
நனைந்த பலகையைப்போல
டொக்
என்றது.
பேனையால் வட்டம் போட்டேன்.
வட்டம் மூடாமல் குழாயின் பின்பக்கம் போய்விட்டது.

சூடு காட்டித் திருப்பினேன். பெரிய எதிர்ப்பில்லாமல் கழன்றது.
உள்ளே வெள்ளைப் பொடி.
வாவி உப்பு என்று விரலில் தொட்டு
நாக்கில் வைக்கப் பார்த்தாள்.
உப்பு கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.
காபனும் அலுமினியமும் நேருக்குநேர் தொட்டு
நடுவில் ஈரமும் இருந்தால்
ஒன்று மற்றதைத் தின்னும்.
தின்னப்படுவது அலுமினியம்.
காபன் ஒன்றும் தெரியாததுபோல
மினுங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் வள்ளத்துக்கு வெட்டி மிஞ்சின கண்ணாடித் துணி,
மூச்சுவிட்டால் பறக்கிறது,
குழாயில் ஒரு சுற்று.
"நல்லா இறுக்கமா இரிக்கோணும், என்ன?"
கணக்கு ரீச்சர். பொருந்துவதென்றால்
சமன் ஆவதென்று நினைக்கிறாள்.
இறுக்கிச் செருகினால் பசை முழுக்க வெளியே வழிந்து
வடிவாகத்தான் நிற்கும். உள்ளே மூட்டு பட்டினி.
தொளதொளவென்றால் பசை தன்னையே தாங்காது.
கால் மில்லிமீட்டர் வேண்டும், சுற்றிவர ஒரேயளவாய்.
அந்த இடைவெளிதான் சைக்கிள்,
மற்றதெல்லாம் குழாய்.

விடியப்புறம் நாலு மணிக்கு வரச்சொன்னேன்.
இருபது நிமிடத்தில் இறுகவேண்டிய பசை
சித்திரை வெயில் ஏறினால் பத்தில் கல்லாகும்.
அரத்தாள் போட்டு, அசிற்றோன் துடைத்து
இனித் தொடவேண்டாம் என்றேன்.
தொட்டாள்.
ரொட்டி தின்ற விரல்.
திரும்பத் துடைத்தேன்.

மருதமுனைக்காரி, நூல் பிடிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை.
பின்னச்சில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி
மறுபக்கம் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தாள்.
சீற்றுக் குழாய்க்கு இடப்பக்கம் இருபத்தொன்பது,
வலப்பக்கம் முப்பது.
"சரிதானே," என்றேன் நான்.
"சரியில்ல," என்றாள்.
பசை எங்கள் இருவருக்கும் காத்திருக்கவில்லை.
உள்ளங்கையால் ஒரு தட்டு,
எந்தத் திசைக்கென்று யோசிக்க நேரமில்லாத தட்டு.
இருபத்தொன்பதரை.
இரண்டு பக்கமும்.
நான் எண்ணிச் செய்ததாக அவள் நம்பட்டும்.

ஏழாம்நாள் பாலத்தடியில் நின்று காதைக் கொடுத்தேன்.
கல்முனை பஸ் ஒன்று, பிறகு மீன் லொறி,
பிறகு காற்று.
நடுவில் எங்கோ அவள் எழும்பி நின்று மிதித்துப் போய்விட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை,
அது நல்லதா, லொறியா தெரியாது.

இரவு போன் வந்தது.
"சத்தம் இன்னும் இரிக்கி."
"எங்க?"
"சீற்றுல. தோல் சீற்று. எண்ணெய் போட்டா போயிரும்."
வைத்துவிட்டாள்.

மேசையில் அன்றைக்கு மிஞ்சின பசைக் கோப்பை.
கலக்கின குச்சியைப் பிடித்து இழுத்தேன்.
கோப்பை வந்தது.
கோப்பையோடு
மேசையும் வரப் பார்த்தது.