ஓடின நோ

படிவத்தில் முதல் கேள்வி: மன அழுத்தம் உண்டா?
எட்டுப் பேரும் இல்லை என்று கீறிக் கொடுத்தோம்.
அது வசதியான ஆட்களுக்கு வாறது
என்றார் யோகமலர் அக்கா.
பிரிஜெட் தாளை மடித்து வைத்துவிட்டு
எங்கே நோகுது என்று கேட்டாள்.

நாரி. பிடரி. இடப்பக்கத் தோள்.
விடிய மூன்று மணிக்கு
நெஞ்சுக்குள் ஒரு லொறி ஸ்டார்ட்டில் நிற்கும்,
போகாது.
மொழிபெயர்க்க வந்த பெடியன்
லொறியில் கொஞ்சம் தடக்கினான்.

டண்டெனோங், செவ்வாய் பின்னேரம், நெட்போல் மண்டபம்.
யூலைக் குளிர் காலுறைக்குள்ளால் ஏறுது.
கோழித் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தவள் நான்.
நிமிடத்துக்கு இருபது கோழி கொளுவின கை
சும்மா இருந்தாலும் கொளுவும்.

முதற்கிழமை
இரண்டு கையையும் உயர்த்துங்கோ, மரம் போல, என்றாள்.
ஒருவரும் மரம் ஆகவில்லை.
உயர்த்தினோம். உடனே, ஒழுங்காக,
விரல் விரித்து, உள்ளங்கை முன்னுக்குத் தெரிய.
சந்திரகாசன் முழங்காலிலும் இருக்கப் போனார்.
அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது.
தன்னுடைய கையை முதலில் இறக்கினாள்.
அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில்
தோளுக்கு மேலே ஒரு கையும் போகவில்லை.

நாலாம் கிழமை, நீங்களே சொல்லுங்கோ என்றாள்.
அக்கா நிலத்தைப் பார்த்தார்:
சிவப்புக் கோடு, மஞ்சள் கோடு, நீலம்.
இதில் கிளித்தட்டு மறிக்கலாமே.

யாழ்ப்பாணத்து விதியா மட்டக்களப்பு விதியா என்று
இருபது நிமிடம் சண்டை.
அந்த இருபது நிமிடமும் ஒருவருக்கும் நாரி நோகவில்லை.

பிரிஜெட்டைக் கிளியாக விட்டோம்.
கோட்டை விட்டு இறங்கலாமா என்று கேட்டாள்.
இந்த நாட்டில் முதன்முதலாக
கோட்டில் நிற்கிற ஒருத்தி
எங்களிடம் விதி கேட்கிறாள்.

சந்திரகாசன், தற்காலிக விசா, பதினொரு வருடம்,
வயிற்றை எக்கி, வளைந்து, அவள் கைக்குத் தப்பி
எல்லாக் கோடும் தாண்டித் திரும்பி வந்து
பழம்! என்று கத்தினார்.
பெடியன் அதையும் மொழிபெயர்த்தான்.
அவள் மேசையிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்தாள்.

கடிதம் ஒன்றும் வரவில்லை.
லொறி அன்றைக்கும் மூன்று மணிக்கு வந்தது.

புதன்கிழமை கோழிக்கு முன்னால் நொண்டி நொண்டி நின்றேன்.
விழுந்தனியோ என்றாள்
பக்கத்தில் கொளுவுகிற சூடான்காரி.
இல்லை, ஓடினனான்.
அவள் கை நின்றது. ஆர் துரத்தினது?

கிளி என்றேன்.