உறுமுது, சுத்தல

தாழையூத்தில் மோட்டார் காயில் கட்டும்
பூலுடையார் அண்ணாச்சி கேட்டார்:
"விளம்பரத்துக்குக் காசு கட்டாம
மேல வரலாமாம்லா?"
"வரலாம் அண்ணாச்சி. பைய வரலாம்."

அப்போது எங்கள் இடம் நான்காம் பக்கம்.
வழி தவறிக்கூட
அங்கே யாரும் வருவதில்லை.

முதலில் எடையைக் குறைத்தேன்.
முகப்பில் கடைத் திறப்பு விழாப் படம்,
மாலையோடு ஆறு பேர், ஒன்பது எம்.பி.
மானூர்க் காட்டில் ஒற்றைக் கோடு சிக்னலில்
அது நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்குமுன்
தேடியவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.
வெட்டியதில் அண்ணாச்சியின் மச்சான் போனார்.
இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

வரைபடத்தில் கடையின் சிவப்புப் புள்ளி
குளத்துக்குள் கிடந்தது.
இழுத்துக் கரையேற்றி ரோட்டோரம் நட்டேன்.

தென்தமிழகத்தின் முன்னணி
மின்மோட்டார் மறுசுற்று மையம்.
இப்படித்தான் பெருமையாக எழுதி வைத்திருந்தேன்.
நாலு மாதத்தில் ஒரு மனிதப்பிறவியும்
அப்படித் தேடவில்லை.

அவர்கள் தட்டியது வேறு:
மோட்டார் உறுமுது சுத்தல
போர் மோட்டர் தன்னி எடுக்கல
மூணு பேஸ்ல ரெண்டுதான் வருது
எரிஞ்ச வாசம் வருது ஓட்டலாமா
ஒருவர் வெறுமனே,
நாத்து காயுது மோட்டார்.

தன்னியைத் தண்ணியாக்கப் போன கையை
நிறுத்திக்கொண்டேன்.
வயல் வரப்பில் நின்று, ஈரக் கட்டைவிரலால்
அடித்த சொல் அது.
அதற்கு இலக்கணம் சொல்ல நான் யார்.

காயில் சுற்றும் மரியசெல்வத்திடம் கேட்டேன்.
கம்பியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்,
சொன்னபடியே எழுதினேன்:
"உறுமுனா மொதல்ல மெயினை அணைங்க.
கப்பாசிட்டர் வயிறு உப்பியிருக்கா பாருங்க.
அணைச்சாலும் உள்ள கரண்டு நிக்கும்,
வெறுங்கையால தொடாதீங்க.
அதை மட்டும் மாத்தினாப் போதும்.
மோட்டாரத் தூக்கிட்டு இங்க வராதீங்க."

"ஏளா, வாரவனையும் வராதங்குதியே!"
அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து
மறுபடி கேட்டார்.
பதில் என்னிடமும் இல்லை.

இடம் முப்பத்தேழு.
முப்பத்தொன்று.
முப்பத்தொன்று.
முப்பத்து நாலு. அன்று சோறு இறங்கவில்லை.
ஆனிக் காற்று பலகையை ஆட்டிக்கொண்டிருந்தது.
ஆயிரம் லிங்க், ரெண்டாயிரம் ரூபாய் என்று
இந்தி கலந்த குரலில் ஒருவன் கூப்பிட்டான்.
கொஞ்சம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை.
பிறகு வைத்துவிட்டேன்.
கங்கைகொண்டானில் ஒரு உரக்கடைக்காரர்
யாரும் கேட்காமலே தன் பக்கத்தில்
எங்கள் முகவரியை ஒட்டியிருந்தார்.
கூட ஒரு வரி: "இதப் படிச்சிட்டு மோட்டார அவுங்க."
பத்தொன்பது.
எட்டு.

ஐப்பசியில் மூன்றாம் இடம்.
மேலே இருக்கும் இரண்டும்
பெங்களூரில் உட்கார்ந்து ஊர்க் கடைகளை
வரிசை போடும் பட்டியல்கள்.
வார்னிஷ் வாசம் கண்டவை இல்லை.
அசைக்கவும் முடியாது.

வருமானத்தைக் கேட்டால்
மாதம் நாலு மோட்டார் கூடியிருக்கிறது,
அதில் ரெண்டு கடன்.
ஒருத்தர் பாப்பாக்குடியிலிருந்து கூப்பிட்டு
"கப்பாசிட்டர் மாத்திட்டேன், ஓடுது,
சும்மா சொல்லத்தான்" என்றார்.
என்ன சொல்வதென்று தெரியாமல் அண்ணாச்சி
"சாப்ட்டீயளா" என்று கேட்டார்.

இன்று காலைப் பட்டியலின் கடைசியில்,
ஒரே ஒரு முறை:
தாளையூத்து பூலுடயார் கட நம்பர்.

அதில் நாங்கள் முதலிடம்.
போட்டிக்கு ஆளே இல்லை.

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
மெதுவாகப் படித்தார்.
"எம் பேரத் தப்பா எழுதியிருக்கான்" என்றார்.

மின்சாரம் வீணாகுது, அணைக்கட்டுமா என்றேன்.
"கெடக்கட்டும்."