நான்கு மீட்டர்

ஈசால்மி நூலகத்தின் பின்னறை.
தரையில் இரண்டு மஞ்சள் நாடாக்கள்,
இடையில் நான்கு மீட்டர்.
வழக்கம்போல் நடங்கள், என்பேன்.
யாரும் வழக்கம்போல் நடப்பதில்லை.

ஆர்மாஸ் ஹுட்டுனென், எண்பத்து மூன்று,
பனிக்காலணியைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
பந்தயப் பையனைப்போல் முன்னே குனிந்தார்.
மூன்றரை நொடி.
பிடிக்கருவியை நெரித்தார், ஊசி முப்பத்தெட்டைத் தொட்டது.
இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு,
கையூன்றாமல் ஐந்து முறை நாற்காலியை விட்டு எழுவது,
எல்லாம் அட்டவணையின் நல்ல பக்கத்தில்.
கடைசிக் கேள்வி:
பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?
மிக நன்று, நன்று, சுமார், மோசம்.
வெகுநேரம் தன் காலுறைகளைப் பார்த்திருந்தார்.
"சுமார்."
ஏன் என்று கேட்க எனக்கு அனுமதியில்லை.

அடுத்து லெம்பி கார்வினென்.
பிடி பதினொன்று.
அழுத்தம், எழுதப் பேனா தயங்கும் எண்.
இரண்டாம் மீட்டரில் நின்றேவிட்டார்:
சன்னலுக்கு வெளியே மொட்டை மரத்தில்
மிஞ்சிய சிவப்புப் பழங்களுக்கு
ஒரு பறவைக்கூட்டம் அடித்துக்கொண்டிருந்தது.
கடிகாரத்தை நிறுத்தக்கூடாது என்பது விதி.
பதினான்கு நொடி.
பறவை பார்த்தார் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

உங்கள் வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால்?
"மற்றவர்களா?
தேவாலயத்துக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள்.
அவர்களுக்கு நான் எவ்வளவோ தேவலை."
'நன்று' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

அறையைப் பூட்டுமுன்
கருவியை நானும் ஒருமுறை நெரித்தேன்.
இருபத்தாறு. என் வயதுக்குச் சுமார்.

ஆண்டுக்கொரு முறை தலைநகரிலிருந்து கோப்பு வரும்.
பெயர் இருக்காது. எண், தேதி, அவ்வளவுதான்.
ஆயிரத்து நூறு பேரை ஒன்றாய்க் குவித்தால்
மெதுவாய் நடந்தவர்களின் கோடு
முன்னதாகவே சரிகிறது.
பொய்யில்லை, நானே வரைந்தேன்.
'சுமார்' என்றவர்களின் கோடும்
ஒட்டியபடியே இறங்குகிறது,
எங்கள் கருவிக்கு எட்டாத ஏதோ ஒன்றை
அவர்கள் உள்ளே தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னதுபோல்.

கோட்டில் ஆட்கள் கிடையாது.
நானூற்றுப் பதினேழு யார் என்று
எனக்குத் தெரியக்கூடாது.
தெரியும்.
மார்ச் ஒன்பது.

நானூற்றுப் பதினெட்டுக்கு நேரே இன்னும் காலி.
நான்காம் சுற்றுக்கு வரச்சொல்லி
கடிதம் அச்சிட்டுக்கொண்டிருக்கிறேன்.
நாடாவைச் சன்னலை விட்டுத் தள்ளி ஒட்டும்படி
மேலிடத்திலிருந்து குறிப்பு வந்திருக்கிறது.

பார்க்கலாம்.