கண்டம்

கேரியர் போனது, ஸ்டாண்டு போனது,
இரண்டு மட்கார்டும் போயின.
மணியை மட்டும் விட்டுவைத்தேன்.
"அதெதுக்கக்கா, எருமையா குறுக்க வரும்?" என்றான்
உக்கடத்தில் சக்கரம் மாற்றித் தந்த அன்சாரி.

டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார்கள்.
கை வரவில்லை. இத்தனை வருடமும்
கல்லு மாதிரி அடித்து ஓட்டியவள்.
கட்டைவிரல் அமுங்கணும், பழுத்த சப்போட்டா மாதிரி.
அமுங்கியது.
வாசற்படி இறங்கும்போதே ரிம் இடித்தது.

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் எனக்கு இரவு வேலை.
டேங்கர் வந்தால் ஒரு குழாய்ப் பால் எடுத்துக்
கொழுப்பு பார்ப்பேன், தண்ணீர் பார்ப்பேன், யூரியா பார்ப்பேன்.
விடிந்தால் வாய்க்கால் மேடு.
இரண்டு அடுக்குச் செங்கல், மேலே ஒரு பனமட்டை.
ஓடுகிற சைக்கிளில் வலது காலைப் பின்னால் சுழற்றி
இடது பெடலில் ஒற்றைக் காலில் நின்று
இறங்கி, தூக்கி, தாண்டி,
மறுபடி சீட்டில் குதிக்க வேண்டும்.
குதித்ததைப் பற்றி விவரமாக எழுத முடியாது.
மூன்று வாரம் நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

பந்தயம் கொழிஞ்சாம்பாறை தாண்டி,
காளைப்பூட்டு நடக்கிற கண்டத்தில்.
கண்டம் என்றால் அவர்களுக்கு வயல்.
எங்களுக்கு, ஜோசியர் தேதி குறித்துச் சொல்வது.
துலா மழை மூன்று நாள் நின்று பெய்திருந்தது.

முப்பத்தேழு என்று முதுகில் ஊக்கு குத்தினார்கள்.
பெண்கள் நான்கு பேர்.
மூவருக்கும் உடம்போடு ஒட்டிய உடுப்பு.
எனக்கு, சொசைட்டி தீபாவளிக்குத் தந்த பனியன்;
நெஞ்சில் ஒரு பசு.
"அம்ருதவேணி, தமிழ்நாடு" என்றது ஒலிபெருக்கி.
ரேஷன் கார்டு கேரளம், பேச்சு தமிழ்,
கையைத் தூக்கித் திருத்தலாமா என்று யோசிப்பதற்குள்
விசில்.

நாற்பது நிமிடம். எத்தனை சுற்று என்பது
முன்னால் போகிறவள் கையில்.
முதல் சுற்றிலேயே செயினில் சேறு,
பிரேக்கில் வைக்கோல், வாயில் ஏதோ உயிருள்ளது.
காளைகள் குளம்பு பதித்த குழிகளில்
சக்கரம் தானே ஒரு வழி கேட்டது.
கொடுத்தேன்.
கொடுக்காத இடத்தில் விழுந்தேன்.

வரப்பேற்றத்தில் சைக்கிள் தோளுக்கு வந்தது.
வீட்டில் பன்னிரண்டு கிலோ;
இங்கே நனைந்த கன்றுக்குட்டி.
இடப்பக்கம் நின்றவர்கள் "கேறு, கேறு" என்றார்கள்.
வலப்பக்கம் பொள்ளாச்சிக்காரர்கள் "ஏறு, ஏறு."
நடுவில் ஒரு ககரம்தான்.
அதில் கால் வைத்துத்தான் ஏறியிருப்பேன்.

சந்தையில் வாங்கிய கழுத்துமணிகளை
ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆட்டினார்கள்.
அந்தக் கண்டத்தில் எனக்குப் பழக்கமான சத்தம்
அது ஒன்றுதான்.

கட்டை வந்தபோது மட்டும் இரண்டு பக்கமும்
ஏறக்குறைய ஒரே சொல்: இறங்கு!
இறங்கினேன். சரியாக, முதல்முறையாக,
யாரும் படமெடுக்காத மூன்றாம் சுற்றில்.

முதலில் வந்தவள் என்னை இரண்டு தடவை தாண்டினாள்.
இரண்டாம் தடவை மூச்சிரைப்புக்கு நடுவே
"ஸாரி சேச்சி" என்றாள்.
அவளுக்கு ஆறு சுற்று, எனக்கு நான்கு.
நாற்பது நிமிடமும் இருவருக்கும் தீர்ந்தது.

அன்றிரவு டேங்கர்காரர் சொன்னார், காதில் சேறு என்று.
பால் நன்றாக இருந்தது.
ரிப்போர்ட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில்
முப்பத்தேழு என்று எழுதிவிட்டு
அடித்துத் தேதி போட்டேன்.

மணிக்குள் சேறு காய்ந்துவிட்டது.
இப்போது அது அடிப்பதில்லை.
கழற்றவும் இல்லை.
அடுத்தது கொல்லங்கோட்டில், மணல் உண்டாம்.