உப்புத் தொட்டி

ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
உக்கடத்துத் தகரக் கூரையை
ராத்திரி முழுக்க உரித்துப் பார்க்கிறது.
உள்ளே எனக்கு
நூற்றிருபது டின்னில் நல்ல தண்ணீர்,
டின்களைச் சுற்றி உப்புத் தண்ணீர்,
அதற்குள் அம்மோனியா ஓடும் குழாய்.
மீட்டரில் மைனஸ் ஒன்பது.

உப்புத் தண்ணீர் உறைவதில்லை.
நல்ல தண்ணீர்தான் உறைகிறது.
பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன்,
இதில் யோசிக்க ஏதோ இருக்கிறதென்று
ஒருநாளும் தோன்றியதில்லை.

போன வாரம் ஜெசிந்தா என்றொரு பெண்
ஆற்றுக் கெண்டைகளைப் பெட்டியில் அடுக்க
ரெண்டு பார் ஐஸ் கேட்டு வந்தாள்.
மீன் ஆராய்ச்சியாம்.
டின் கழலும்வரை நிற்கவேண்டியிருந்தது.
தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு,
"தென்துருவக் கரையோரம் இப்படித்தாங்ணா இருக்கும்.
இப்போ அங்கே குளிர்காலம்.
கடல் உங்க உப்புத் தொட்டி.
மீன்தான் டின்னு."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
மீனின் ரத்தம் கடலைவிட உப்புக் குறைந்தது.
அப்படியென்றால் கடலுக்கு முந்தி
மீனல்லவா உறையவேண்டும்,
ஓரத்தில் பிடித்து, உள்ளே உள்ளே போய்,
கடைசியாக நடுத்தண்டு வெளுத்து?

"உறையணுங்ணா. ஆனா உறையறதில்லை."

பனித்துணுக்கு உள்ளே போகாமலில்லை.
செவுள் வழியாகப் போகும், விழுங்கும் நீரோடு போகும்.
வேறு கடலின் மீன் என்றால்
அந்த ஒரு துணுக்கே விதை,
கண் இமைப்பதற்குள் உடம்பு கட்டையாகிவிடும்.
இந்த மீனின் ரத்தத்தில் ஏதோ ஒரு சத்து
துணுக்கைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது.
உடைப்பதில்லை. உருக்குவதுமில்லை.
வளரவிடாமல் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.
அந்தத் துணுக்குகளை மண்ணீரலில் வைத்துக்கொண்டு
கோடை வந்தும் கரையாமல்
வருஷக்கணக்கில் நீந்துமாம் அந்த மீன்.

இன்னும் சொன்னாள்.
கடலடியில் பனி முளைக்குமாம்,
நட்சத்திர மீனைப் பிடித்துக்கொண்டு மிதந்தெழுந்து
மேலே பனிக்கூரையில் ஒட்டவைத்துவிடுமாம்.
ஆழத்தில் கிடப்பது பிழைக்கும்.
சிப்பி கதவைச் சாத்திக்கொண்டு
இதயத்தை மறந்து மறந்து அடிக்கவிடும்.
சீல் மட்டும் நுரையீரல்காரி, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும்,
பல்லால் பனியை அரத்தால் ராவுவதுபோல் ராவி
ஒரு துளையைக் குளிர்காலம் பூராவும் திறந்தே வைத்திருப்பாள்.
பல் தேய்ந்த வருஷம் அவளுக்குக் கடைசி வருஷம்.

"பல்லு போயா சாவாங்க?" என்று
கிரேன் சங்கிலியைப் பிடித்தபடி சிரித்தான் நூருல்லா.
அவனுக்கே கடைவாயில் நாலு இல்லை.

அவள் போய்விட்டாள்.
பில்லில் கையெழுத்துப் போட மறந்துவிட்டாள்.

கிணத்துக்கடவு பத்திர ஆபீஸ் படியில்
என் தம்பி குணசீலன் சொன்ன சொல் ஒன்று உண்டு.
அதை இங்கே எழுதமாட்டேன்.
ஆறு சித்திரை வெயில் அதன்மேல் அடித்துப் போய்விட்டது.
அவன் மகள் கல்யாணத்துக்குப் போனேன்,
பந்தியில் அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்,
பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.
சொல் இருக்கிறது.
அன்றைக்கு இருந்த அளவே இருக்கிறது.

மணி நாலு. ராமேஸ்வரத்து லாரி
பின்பக்கமாக வந்து நிற்கிறது.
அயிலை, மத்தி, கொஞ்சம் பாறை,
உயிரோடிருந்தவரை பனியைப் பார்த்திராத மீன்கள்.
நூருல்லா சங்கிலியை இழுக்கப்
பத்து டின் ஒன்றாக மேலேறுகிறது,
சொட்டும் உப்பு என் விரல் வெடிப்பில் எரிகிறது.
ஏழாவது டின்னைத் தட்டினால் சத்தம் வேறு.
நடுவில் ஒரு முழம் இன்னும் தண்ணீர்,
டார்ச் அடித்தால் ஆடுகிறது.

"அண்ணா, இதை என்ன பண்ண?"

முதலாளி கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.
அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.