மூன்றாவது டிராம்போன்

கெமியார்வி தீயணைப்பு நிலையம், செவ்வாய் இரவு.
இரண்டு சிவப்பு வண்டிகளுக்கு நடுவே நான்கு நாற்காலிகள்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
வந்ததும் ஊதிவிடக் கூடாது;
உலோகத்தின் குளிர் இறங்கும்வரை
பச்சைப் பிள்ளையைப்போல மடியில் வைத்திருக்க வேண்டும்.

முதல் டிராம்போன் ஔலிக்கி.
தபால் பிரிப்பவள், எதிலும் அரை நொடி முந்துவாள்.
இரண்டாவது எஸ்கோ, பல் வைத்தியர்.
நாளெல்லாம் பிறர் வாய்,
இந்த ஒரு மணி நேரம் மட்டும் தன் வாய்.
பாஸ் டிராம்போன் இர்யா,
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
அவள் ஊதினால்
சுவரில் தொங்கும் தலைக்கவசங்கள் அதிரும்.

மூன்றாவது தைஸ்தோ.
கச்சேரி முடிந்து போகிறவர்கள்
மற்ற மூவரைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இந்தக் கருவியில் கட்டை கிடையாது, துளை கிடையாது.
கை நீண்ட தூரம்தான் சுரம்.
கோடே கிழிக்காத அளவுகோலில்
ஒவ்வொரு முறையும்
இருட்டில் சுவிட்சைத் தடவுவதுபோலத்
தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எட்டு ஐம்பதுக்கு அபாயமணி.
தைஸ்தோ டிராம்போனை நாற்காலியில் கிடத்தினான்.
ஊருக்குள்ளிருந்து ஐந்து பேர் ஓடி வந்தார்கள்.
பெரிய கதவு உயர்ந்தது, ஒரு வண்டி போயிற்று,
அது நின்ற இடத்தில் குளிர் வந்து நின்றது.

இர்யா தன் கோட்டைக் கழற்றி
நாற்காலியில் கிடந்ததன்மேல் போர்த்தினாள்.
"ஆரம்பிக்கலாமா?" என்றாள், வேறெங்கோ பார்த்து.

விட்ட பக்கத்திலிருந்து வாசித்தார்கள்.
அவன் வரவேண்டிய இடங்களை
யாரும் நிரப்பவில்லை.
கடைசிச் சுரக்கூட்டு வந்தது.
அடியில் குரல்,
அதன்மேல் இளி,
உச்சியில் மறுபடி குரல்.
நடுவில் ஒன்று இல்லை.
அது மகிழ்ச்சியா துயரமா என்று
சொல்ல ஆள் இல்லை.

தமிழில் அந்தச் சுரத்துக்குக் கைக்கிளை என்று பெயர்.
ஒருதலைக் காதலுக்கும் அதே பெயர்.
எஸ்கோவுக்கு அது தெரியாது.
"சுவர் இருக்கு, கூரை இருக்கு,
உள்ளே விளக்குதான் எரியலை" என்றார்.
இர்யா குழாயிலிருந்த நீரை
வெகுநேரம் தரையில் வடித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று பத்துக்குத் திரும்பினான்.
புருவத்தில் பனி, உடையெல்லாம் புகை.
எரிந்தது ஒரு பழைய சவுனா, உள்ளே ஆளில்லை.
கோட்டை எடுத்தான்,
யாருடையது என்று கேளாமல் கொக்கியில் மாட்டினான்,
உட்கார்ந்தான்.

"கடைசிப் பக்கம்" என்றாள் ஔலிக்கி.

மூன்று பேர் பிடித்திருந்த ஒலிக்குள்
அவன் குழலை நீட்டினான்.
பியானோ சொல்லும் இடத்தில் நிற்கவில்லை;
நகக்கண் அளவு இன்னும் தள்ளி,
மயிரிழை தாழ்த்தி வைத்தான்.
கூட்டில் இருந்த நடுக்கம் சட்டென்று அடங்கியது.
ஊதுகிறவர்கள் நால்வர் என்று
காதால் எண்ணிச் சொல்ல முடியாது.

பிறகு பெட்டிகள் மூடும் சத்தம்.
ஐந்து மணிக்கு இர்யா சாலைக்குப் போக வேண்டும்.
கொக்கியிலிருந்து கோட்டை எடுத்தாள்.
காலரில் அவன் கையிலிருந்து ஒட்டிய புகை நாற்றம்.
பொத்தான்களைக்
கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.