மெழுகுவர்த்திச் சோதனை

டார்ட்டுவில் அக்டோபர் முடியுமுன்
சன்னல்களை அடைத்துவிட வேண்டும்.
சோப்பில் நனைத்த காகிதப் பட்டி, பஞ்சு,
முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தி.

மெழுகுவர்த்தியைச் சட்டத்தின் ஓரமாய்
நகர்த்திக்கொண்டே போகிறேன்.
சமையலறையில் சுடர் அசையவில்லை,
தார்மோ பூசிய மக்கு
இன்னும் பிடித்து நிற்கிறது.
கூடத்தில் லேசாய்த் தலையாட்டியது.
மழை இறங்கிய மூலையில்
மரம் பாலில் ஊறிய ரொட்டி,
கத்தி கைப்பிடிவரை போனது.

படுக்கையறையில்
அவன் படுத்திருந்த பக்கம்
தலையணை உயரத்தில்
சுடர் படுத்தே விட்டது.

பதினோரு குளிர்காலம்
காதில் காற்றடிக்கிறது என்றான்.
உனக்கு எதிலும் குறைதான் என்றேன்.
கம்பளித் தொப்பியோடு தூங்கினான்.
அந்தக் கோலத்தைக் காட்டிச் சிரிக்க
தங்கை லீலோவைக்கூட
ஒருமுறை கூப்பிட்டிருக்கிறேன்.

விரற்கடை இடைவெளி.
உள்ளே செத்துக் காய்ந்த ஒரு குளவி,
தெருவிளக்கின் கீற்று.

பட்டியை ஒட்டாமல்
போனை எடுத்துத் தட்டினேன்:
சன்னல் விஷயத்தில் நீ சொன்னது சரி.

மெழுகு பாதி உருகியபின் வந்தது பதில்:
பஞ்சை இறுக்கித் திணிக்காதே.
மரம் வீங்கும்.